ஒற்றைப்படைக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டி

ஆரஞ்சு நிறம் முன்னால் அசைந்து அசைந்து போகிறது, யார் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை, தலைகளுக்கும் மல்லிகைச் சரங்களுக்கும் நடுவே ஒரு நொடி தெரிகிறது, மறுநொடி மறைகிறது, நான் பின்னாலேயே போகிறேன், போவதாகத்தான் நினைக்கிறேன், கால் நகரவில்லை, முகூர்த்தப் புடவை முழங்காலைப் பிடித்து இழுக்கிறது, மாலை ஈரமாய் நெஞ்சை அழுத்துகிறது, ஏ யாரது, அது என் தங்கச்சியோடது, கீழ வைங்க என்று கத்தலாம் என்றால் வாய் நிறையப் பாலும் பழமும், பால்பழம் கொடுக்கிறேன் என்று எவளோ முழு வாழைப்பழத்தையும் அடைத்துவிட்டாள், விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, அதற்குள் ஆரஞ்சு வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போய்விடுகிறது. கனவுதான் இது, ஆனால் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மத்தியானத்தில் கண்ணை மூடினால் வந்து நிற்கிறது, இன்றைக்கு வந்ததற்குக் காரணம் தங்கச்சி மாரீஸ்வரி அனுப்பிய போட்டோ, பெங்களூரில் அவளுடைய ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்திருக்கிறாள், சுற்றி நின்று சின்னச் சின்னப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள், எக்கா, இதுகளெல்லாம் இது பொறந்த பிறகு பொறந்ததுக, பார்த்து வாயைப் பிளக்குதுக என்று கீழே எழுதியிருக்கிறாள். பிளக்கட்டும், நாங்கள் பிளக்காத வாயா.

அது ஒரு கம்ப்யூட்டர், மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர், ஆனால் யார் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் சாம்பல் நிறம், அழுக்கு வெள்ளை, பாங்கில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டு இருக்கும், இதுவோ மூலையே இல்லாமல் உருண்டு, ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி மெத்தென்று ஆரஞ்சு, நடுவில் பால் வெள்ளை, மூடியில் ஒரு கடித்த பழம், கொண்டி கிடையாது, பூட்டு கிடையாது, விரலை விட்டுத் தூக்கினால் சிப்பி மாதிரித் திறந்துகொள்ளும், இதற்கெல்லாம் மேலே முதுகில் ஒரு கைப்பிடி, ஆமாம், கம்ப்யூட்டருக்குக் கைப்பிடி, சும்மா படுத்துக் கிடக்கும், விரலால் தட்டினால் எழுந்து நிற்கும், வா, பிடி, தூக்கு என்று சொல்லும். சிவகாசியில் மாரி வேலை பார்த்த அச்சாபீஸ் முதலாளி சிங்கப்பூர் போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது, வாங்கி வந்து முதல் தடவை ஒரு வியாபாரப் பார்ட்டியைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அங்கே ஒருத்தர், என்ன அண்ணாச்சி, மதினி பையை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீகளா என்று கேட்டுவிட்டார், அவ்வளவுதான், அன்றைக்கு மேஜையடியில் வைத்தவர் பிறகு தொடவேயில்லை, லேபிள் டிசைன் பண்ணுகிற பெண்ணாயிற்றே, நீயே வச்சுக்கோம்மா, ஆம்பளை தூக்குற சாமான் இல்ல இது என்று மாரியிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தெருவே பார்த்தது, அவள் யாரையும் பார்க்கவில்லை, அப்படி ஒரு நடை. எனக்கு வயிறெரிந்தது என்றால் எரிந்தது, அதை மறைத்து என்ன செய்யப்போகிறேன், நான் மூத்தவள், எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு குறை, குறையா நிறையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஃப்ளாப்பி போடுகிற வாய் அதற்குக் கிடையாது, இனிமேல் யாருக்கும் ஃப்ளாப்பி வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே முடிவு பண்ணிவிட்டார்களாம், உலகம் அதை ஒத்துக்கொண்டதோ என்னவோ சிவகாசி ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊரில் எல்லாம் ஃப்ளாப்பியில்தான் போகும் வரும், ஆகவே மாரி அதில் வரைந்தது அதிலேயேதான் இருக்கும், வெளியே எடுக்க வழியில்லை, எதைக் காட்டுவதென்றாலும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்குத்தானே கைப்பிடி வைத்திருக்கிறான் என்பாள். அப்படிக் காட்டத்தான் அவளுக்கு ஒரு நாள் குறித்து வந்திருந்தது, வடக்கே பெரிய டிசைன் கல்லூரி, நேர்முகம் சென்னையில், வெள்ளிக்கிழமை காலை, என் கல்யாணம் அதே வாரம் திங்கட்கிழமை, கல்யாண வீட்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தாள், அம்மா திட்டத் திட்ட வரைந்தாள், முகூர்த்தத்துக்கு முந்தின நிமிஷம் வரை வரைந்துவிட்டு, பெட்டியை மூடி, மாப்பிள்ளை அறைக்கு எதிர் அறையில், சீர்த் தட்டுகள் அடுக்கியிருந்த அறையில், பத்திரமாய் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். நல்ல பத்திரம் போ.

சீர் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம், தட்டை எண்ணினால் இரட்டைப்படையில் முடியக்கூடாது, முடிந்தால் ஆகாது, வண்டி வந்து நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டைத் தூக்க வரிசையில் நிற்கிறார்கள், எங்கள் பெரியம்மா கடைசியாய் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறாள், இரட்டைப்படை, எந்தப் புண்ணியவதியோ கல்கண்டையும் சர்க்கரையையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டாள், பெரியம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை, சுற்றிலும் பார்த்தால் அலமாரிக்குப் பக்கத்தில் ஆரஞ்சாய்ப் பளபளவென்று ஒன்று, மங்கலமான நிறம், கைப்பிடி வேறு, பொண்ணோட மேக்கப் பெட்டிதானே என்று தூக்கினாள், தட்டில் வைத்தாள், ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினாள், குங்குமத்தை வைத்தாள், ஒற்றைப்படை ஆகிவிட்டது, பெரியம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு கேட்டதற்கு, எவன்டீ கம்ப்யூட்டருக்குக் கைப்பிடி வைப்பான், கைப்பிடி இருந்தா தூக்கத்தானே செய்வாக என்றாள், அதுவும் நியாயம்தான், தூக்கத்தான் செய்வார்கள், வைத்தவன் அதற்குத்தான் வைத்தான். மேடையில் பால்பழம் வாயோடு நான் நிற்கிறேன், ஆரஞ்சு வாசலைத் தாண்டுகிறது, மாரி சமையல்கட்டுப் பக்கம் பாயசத்துக்கு ஆள் கூட்டப் போயிருக்கிறாள், அவள் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.

கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீடு, முன்னால் பெயிண்ட் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித்திரை, திரைக்கு அந்தப் பக்கம் என் மாமனாரும் அவரும் நின்று வியாபாரம் பார்ப்பார்கள், இந்தப் பக்கம் பெண்கள், கொல்லைப்புறத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து டப்பாக்களைத் தூக்கிவந்து திரைவரை வைப்பது பெண்கள், திரையைத் தாண்டிக் கல்லாப் பக்கம் போவது கிடையாது, யாரும் போகாதே என்று சொன்னதில்லை, போனதும் இல்லை. கூடத்தில் சீர்த் தட்டுகளைப் பரப்பித் தெருப் பெண்களெல்லாம் பார்வையிடுகிறார்கள், பித்தளையைத் தட்டிப் பார்க்கிறார்கள், புடவையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், கடைசியில் எல்லார் கண்ணும் ஆரஞ்சில் வந்து நிற்கிறது, ஒருத்தி தராசு என்கிறாள், ஒருத்தி டிபன் கேரியரில் புது மாடல் என்கிறாள், என் மாமனாரின் அக்கா ஒருத்தி, குழந்தையை வெளிக்கு உக்கார வைக்கிற பேசின் மாதிரி இருக்கு, பொண்ணு வீட்டுக்கு அம்புட்டு அவசரம் போல என்று சொல்லிக் கூடமே சிரிக்கிறது, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அப்போது கதம்பத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வெளிச்சம், மெல்ல வருகிறது, மெல்லத் தணிகிறது, மறுபடி வருகிறது, மாரி அதை அணைக்காமல் மூடியிருக்கிறாள், தூங்கும்போது அது அப்படித்தான் செய்யும், சிரிப்பெல்லாம் நின்றுபோய்விட்டது. ஏட்டி, மூச்சு விடுதுல்லா என்றாள் என் அத்தை, என் மாமியார் கனகமணி, யாருக்கும் பயப்படாத கனகமணி இரண்டடி பின்னால் போய்விட்டாள், பயப்படாதீங்க அத்தை, அது கம்ப்யூட்டரு, தூங்குது என்று நான் சொன்னேன், அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். என் தங்கச்சியோடது, தவறி வந்துடுச்சு என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம், சொல்ல வாயெடுப்பதற்குள் கம்ப்யூட்டரா, கம்ப்யூட்டரா என்று கூடம் முழுக்க எழுந்துவிட்டது, மாமா, என் மாமனார், திரையை விலக்கிக்கொண்டு ஓடிவருகிறார், இந்தத் தெருவுல எவன் வீட்டு மருமவ கம்ப்யூட்டர் கொண்டாந்திருக்கா, சொல்லுங்க பார்ப்போம் என்கிறார், பேசின் என்று சொன்ன பெரியத்தையின் முகம் சுண்டிப்போய்விட்டது, அத்தை நிமிர்ந்து நிற்கிறாள், அந்த நிமிர்வைப் பார்த்த பிறகு என்னத்தைச் சொல்ல.

மாமா அன்று கடையை மறந்தார், ஷேட் கார்டு அத்தனையையும் எடுத்துவந்து ஒவ்வொரு ஆரஞ்சாய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், நம்ம கார்டுல இல்ல தாயி, இது மேல பூசின கலரு இல்ல, உள்ளேயே ஊறின கலரு, எவனோ ரசிச்சுப் பண்ணியிருக்கான் என்றார், அவர் சொன்னது சரிதான், பின்னாளில் மாரி படித்துவிட்டு வந்து சொன்னபோதும் இதைத்தான் சொன்னாள், கொஞ்சம் நீளமாய்ச் சொன்னாள். மறுநாள் காலையிலேயே போன், போன் கடையில் இருந்தது, திரையோரம் வயரை இழுத்துக் கொடுத்தார் மாமா, எக்கா, என் மெஷினு உன்கூட வந்துருச்சாக்கா, சக்கரம் மட்டும் இங்க கெடக்கு, அது இல்லாம நான் எதைக்கா காட்டுவேன் என்று மாரி அழுகிறாள், சக்கரம் என்றால் அதற்குக் கரண்ட் ஏற்றுகிற வட்டச் சாமான், வயரை அதிலேயே சுற்றிவைக்கலாம், விளையாட்டுச் சாமான் போல இருக்கும், நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள், இந்தா பாரு, வாயைத் திறந்து அங்க ஒண்ணும் சொல்லிராத, சபையில வச்ச சீரைத் திருப்பிக் கேட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா அது உன் ஆயுசுக்கும் போகாது, உன் பிள்ளை காதுகுத்துல கூடச் சொல்லிக் காட்டுவாக, இவ அடுத்த வருஷம் பரிச்சை எழுதிக்கிடட்டும் என்றாள். பின்னால் மாரியின் அழுகை கேட்கிறது, அடுத்த வருஷம்கிறாள் அம்மா, அடுத்த வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், எனக்குத் தெரியாதா, என்னையும் அடுத்த வருஷம் படிக்கலாம் என்றுதானே சொன்னார்கள், சொல்லிச் சொல்லியே நான் இங்கே வந்து திரையோரம் நிற்கிறேன். மறுவீட்டுக்குப் போகும்போது நைசாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றாலோ, பம்பாயிலிருந்து இவர்கள் வீட்டுத் தாய்மாமன் வந்த பிறகுதான் மறுவீடு, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை எங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கே.

அவரிடம் சொன்னேன், தனுஷ்கோடி, அன்றைக்கு எனக்கு அவர் என் கழுத்தில் தாலி கட்டிய ஒரு ஆள், அவ்வளவுதான், சாந்து பொட்டு நிறத்தில் விரலில் எப்போதும் பெயிண்ட், முழுக்கக் கேட்டுக்கொண்டார், தலையைச் சொறிந்தார், பாவம்லா அந்தப் புள்ள என்றார், நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துருவேன், ஆனா எங்கம்மாட்டச் சொல்லாமக் கொண்டுபோனா வீடு ரெண்டாயிரும், நீ சொல்லு, நான் உன் பின்னாடி நிக்கேன் என்றார். பின்னாடியா என்று கேட்டேன், பக்கத்துல வேணும்னாலும் நிக்கேன் என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பில்தான் அவரை எனக்குப் பிடித்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது, அன்றைக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

ஆனால் நான் உடனே போய்ச் சொல்லவில்லை, புதன்கிழமை மத்தியானம் வரை சொல்லவில்லை, பயம் பாதி, இன்னொரு பாதி என்ன தெரியுமா, எனக்கு அதைக் கொடுக்க மனசில்லை, அட ஆமாம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு கூடத்தில் தனியாய் உட்கார்ந்து மூடியைத் தூக்குகிறேன், சக்கரம் இல்லையே, உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் தீராமலிருக்க அணைத்து வைத்திருந்ததைப் பொத்தானை அழுத்தி எழுப்புகிறேன், ம்ம் என்று கோயில் மணி அடங்குகிற மாதிரி ஒரு சத்தம், கம்ப்யூட்டர் திரை வெளுத்து வருகிறது, என் கை விசைகளின் மேல் இருக்கிறது, என் பெயரை எழுத்து எழுத்தாய்த் தேடித் தட்டுகிறேன், அது திரையில் வந்து நிற்கிறது, ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் யாரோ அடித்த என் பெயரை முதல் தடவையாய் நானே அடித்திருக்கிறேன், திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கிறேன், அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மூடிவைத்தாலும் கைப்பிடி கூப்பிடுகிறது, தூக்கிக்கொண்டு கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறேன், மாரி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாளே அப்படி, போவதற்குத்தான் இடமில்லை. பிறகு அவள் வரைந்ததைத் திறந்தேன், லேபிள் இருக்கும், பூ இருக்கும், சாமி படம் இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை, எல்லாம் கைப்பிடி, தூக்குவாளிக் கைப்பிடி, டீக்கடை கெட்டில், மண்ணெண்ணெய் டின், பள்ளிக்கூடப் பை, குடத்துக்கு ஒரு பிடி, ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு ஒரு கை, எங்கள் அம்மா கை, பக்கத்து வீட்டு அக்கா கை, என் கை, என் மோதிரவிரலில் தீக்காயத் தழும்புகூட இருக்கிறது, எப்போது பார்த்து வரைந்தாளோ கழுதை.

அது என்ன தாயி, பெயிண்ட் வாளியா என்று முதுகுக்குப் பின்னால் குரல், அத்தை தூங்கவில்லை, எவ்வளவு நேரமாய் நிற்கிறாளோ, எதிரே வந்து உட்கார்ந்தவள் மூடியைப் பார்த்து, பழம் என்ன தலைகீழாத் தெரியுது என்றாள், அது மூடியிருக்கும்போது வைத்திருப்பவருக்கு நேராய்த் தெரிகிற மாதிரி ஒட்டியது அத்தை, எதிரே இருக்கிறவருக்கு இல்லை என்றேன், அப்படியா, தூக்குறவளுக்குப் பார்த்துப் பண்ணியிருக்கான் என்று சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து என் தோளோடு உட்கார்ந்தாள். திரையில் டிஸ்டெம்பர் வாளி, கம்பிக் கைப்பிடியை எடுத்துவிட்டு, நாலு விரலும் தனித்தனியாய் உட்காருகிற மாதிரி ஒரு தடித்த பிடி, வாளி நிறைய இருந்தால் சாயாமல் இருக்க ஓரத்தில் இன்னொரு பிடி, அத்தை தன் வலது கையை விரித்தாள், விரல்களின் குறுக்கே ஒரு கோடு, ரேகை இல்லை, கம்பி வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கோடு, அந்தக் கையைத் திரையில் இருந்த வாளியின் மேல் வைத்தாள், பிடித்துப் பார்க்கிறாள், சத்தியமாய்ப் பிடித்துப் பார்த்தாள், இது வெட்டாதுல்லா என்றாள், நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்தக் கம்பியைத் தூக்குதேன், இதை மாத்தலாம்னு ஒருத்தனுக்குத் தோணல பாரு, யாரு வரைஞ்சது, நீயா என்று கேட்டாள். நான் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த வீட்டில் மகாராணி மாதிரி இருந்திருப்பேன், நாக்கு நுனிவரை வந்தது, வாளியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், இல்ல அத்தை, என் தங்கச்சி, இது அவ மெஷினு, சீர்ல வச்சது இல்ல, ஒத்தைப்படை வரலைன்னு எங்க பெரியம்மா தெரியாமத் தூக்கி வச்சுட்டாக, வெள்ளிக்கிழமை அவ இதைச் சென்னையில காட்டணும், காட்டலைன்னா அவ படிப்பு போச்சு, எங்கம்மா உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, நான் சொல்லுதேன், எனக்கு என்ன பேச்சு வந்தாலும் வரட்டும் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன், பக்கத்தில் நிக்கேன் என்றவர் கடைத் துணித்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார், அம்மா, அவ சொல்றது நெசந்தாம்மா என்று அங்கிருந்தே ஒரு குரல் மட்டும் வந்தது.

அத்தை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து நின்றாள், சபையில வச்சது சபையில வச்சதுதான், வீட்டுக்கு வந்த சீரை நான் திருப்பி அனுப்ப மாட்டேன், அது ஆகாது என்றாள், எனக்கு உயிரே போய்விட்டது, மாரியின் முகம், அம்மாவின் குரல், எல்லாம் சுற்றுகிறது, ஆனா என்றாள் அத்தை, ஆனா நாங்க வைக்கிற சீரை யாரும் தடுக்க முடியாதுல்லா, எங்க வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுல இருந்து கொழுந்தியாளுக்கு முதல் சீரு உண்டு, உங்க ஊர்ல இல்லையாக்கும். மாமா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார், எப்பருந்து கனகு நம்ம வீட்டுல அப்படி ஒரு வழக்கம் என்றார், எங்க அம்மாவைப் பெத்தவ காலத்துல இருந்து, உங்களுக்குத் தெரியாது, நீங்க ஷேட் கார்டைப் பாருங்க என்றாள் அத்தை, திரை மூடிக்கொண்டது. இந்த வழக்கம் அந்த நிமிஷம்வரை பூமியில் எங்கேயும் இருந்ததில்லை என்று எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை மனுஷி. சென்னை ரயில் கோவில்பட்டியில்தானே நிற்கும், நாளைக்குச் சாயங்காலம் உன் தங்கச்சியை இங்க வந்து ஏறச் சொல்லு, ஸ்டேஷன்ல வச்சே செஞ்சுருவோம் என்றாள். அன்று சாயங்காலமே போன் பண்ணி, சக்கரத்தோடு இங்கே வந்து ரயிலேறு என்று மட்டும் மாரியிடம் சொன்னேன்.

சிரிப்பாய்த்தான் இருக்கிறது நினைத்தால், பெரியத்தை அதைத் தெரு முழுக்கச் சொன்னாள், நம்ம வீட்டுல கொழுந்தியாளுக்கு முதல் சீரு உண்டும்மா, மறந்து போயிட்டோம், கனகுதான் ஞாபகம் வச்சிருக்கா என்று பேசினாள், அடுத்த தை மாசம் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் அவர்களும் வைத்தார்கள், நாங்க மட்டும் குறைஞ்சவுகளா என்று, ஒரு தையல் மெஷின், அதற்கடுத்து ஒரு சைக்கிள், இன்றைக்கு எங்கள் தெருவில் பெண்ணுக்குத் தங்கச்சி இருந்தால் தட்டில் என்ன வைக்கலாம் என்று அவளிடமே கேட்டு வைக்கிறார்கள், போன மாசம் ஒருத்தி டிரைவிங் ஸ்கூல் பணம் கேட்டாளாம், இது பரம்பரைப் பழக்கம் என்று வெளியூர்ச் சம்பந்திகளிடம் அடித்துச் சொல்கிறார்கள், யாரும் மறுத்துப் பேசியதில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி உலகத்திலும் அப்படித்தான் போல, வந்த புதிதில் கனம், பொம்மை, பொம்பளைச் சாமான் என்று சிரித்தவர்கள் உண்டாம், செய்தவர்களே கொஞ்ச வருஷத்தில் நிறத்தையும் கைப்பிடியையும் விட்டுவிட்டு வெள்ளைக்கும் வெள்ளிக்கும் போய்விட்டார்களாம், ஆனா எக்கா, ஒரு மெஷினைப் பார்த்தா பயம் வரக் கூடாது, தொடணும்னு தோணணும், அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான் என்பாள் மாரி, அவளுக்கு இடம் கிடைத்தது, படித்தாள், இப்போது ஆஸ்பத்திரிச் சாமான்களுக்குப் பிடி செய்கிறாள், ஊன்றுகோல், படுக்கை, நடக்கிற வண்டி, பிடித்தால் நடக்கலாம் என்று தோன்ற வேண்டும்கா என்பாள், எனக்கு அதெல்லாம் முழுக்கப் புரிவதில்லை, புரிந்தவரை போதும்.

எங்கே விட்டேன், ஸ்டேஷன், வியாழக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் போகவில்லை, மாரி அப்பாவோடு வந்து நிற்கிறாள், கையில் ஒரு மஞ்சள் பை, அதில் சக்கரம், அழுது வீங்கிய கண், அத்தை பித்தளைத் தட்டோடு வருகிறாள், பின்னால் நானும் அவரும், தட்டில் வெற்றிலை, பழம், ஒரு ரவிக்கைத் துணி, நடுவில் அது, பிளாட்பாரத்தில் கடலை விற்கிறவர், போர்ட்டர், எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள், அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கைகூப்பியபடியே நிற்கிறார், அத்தை மாரியின் நெற்றியில் குங்குமம் வைத்து, எங்க வீட்டு முதல் சீரு, வாங்கிக்கோ தாயி என்று நீட்டுகிறாள், மாரி என்னைப் பார்க்கிறாள், நான் தலையாட்டுகிறேன், அவள் கை தட்டைத் தொடவில்லை, நேரே கைப்பிடிக்குத்தான் போனது. அந்த வாளிப் படத்தையும் காட்டு, கம்பி வெட்டும்னு சொல்லு, கோவில்பட்டியில ஒருத்தி கை காய்ச்சுப்போச்சுன்னு சொல்லு என்றாள் அத்தை, சரிங்கத்தை என்று மாரி தலையாட்டினாள், ரயில் வந்தது, பெண்கள் பெட்டியில் தனியாய் ஏறினாள், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மடியில் வைத்துக்கொண்டாள், வண்டி நகர்ந்தது, ஆரஞ்சு அசைந்து அசைந்து போகிறது, யாரோ ஒருத்தியின் தலை மறைக்கிறது, மறுபடி தெரிகிறது, வெயிலுக்குள் போகிறது, நான் கூடவே நடக்கிறேன், இப்போது கத்தத் தோன்றவில்லை, சந்தோஷமாய் இருக்கிறது, சந்தோஷமாய் இருக்கும்போதே நெஞ்சுக்குள் எதுவோ காலியாகிறது, என் பெயரும் அதற்குள்ளேயே இருக்கிறது, நான் அழிக்கவில்லை, அது சென்னைக்குப் போகிறது, நான் போகவில்லை.

அப்பாவை அவர் பஸ் ஏற்றிவிடப் போனார், அத்தையும் நானும் வெறும் தட்டோடு நிற்கிறோம், அத்தை என் கையைப் பார்த்தாள், எதையோ பிடித்திருப்பது போல மடங்கியே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, சரி, அவளுக்கு அது, உனக்கு என்ன வேணும் தாயி என்று கேட்டாள். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, எந்தப் புடவை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டதில்லை, இப்போது வாயில் வாழைப்பழமும் இல்லை பாலும் இல்லை, திரைக்கு அந்தப் பக்கம் வரணும் அத்தை, கல்லாவுல நின்னு கலர் கேக்குறவுகளுக்கு நான் எடுத்துக் கொடுக்கணும் என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள், ரயில் போன பக்கம் பார்த்தாள், நான் வாக்கப்பட்டு இத்தனை வருஷம் ஆச்சு, நானே அந்தத் திரையைத் தாண்டினது இல்லையேட்டீ என்றாள், சொல்லிவிட்டுத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், கிளம்பு, கடை மூட இன்னும் நேரம் இருக்கு, வீட்டு வழியா வேண்டாம், ரோட்டு வழியா ரெண்டு பேரும் கடை முன்வாசல்லயே ஏறுவோம் என்றாள். பிளாட்பாரத்தை விட்டு வெளியே வருகிறோம், வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது, அத்தைக்கு முன்னால் நான் நடக்கிறேன்.